கூடிக் கிடக்கும் இன்சுலின், பிரிந்து உழைக்கும் இன்சுலின்

இலங்கையின் கிழக்குக் கரையிலே, அக்கரைப்பற்றுக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் இடையே அமைந்திருப்பது திருக்கோவில். சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்தால் பெயர் பெற்ற இவ்வூரிலிருந்து வடக்கே கல்முனை நோக்கிச் செல்லும் கரையோரப் பாதையில் தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாய்த் தொடர்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் இங்கே அயலவராய் வாழ்கின்றனர். வழிபடும் முறை வேறாயினும், பேசும் மொழி ஒன்று. வயல் தரும் சோறும் கடல் தரும் மீனும் ஒன்று. அண்மைக் காலத்தில் இவ்வூர்களுக்கெல்லாம் பொதுவாய் வந்து சேர்ந்த மற்றொன்றும் உண்டு. அதுதான் மக்கள் சீனி வருத்தம் என்றும் சலரோகம் என்றும் கூறும் நீரிழிவு. இலங்கையில் வளர்ந்தோருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இந்நோய் உண்டென்று அண்மைக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன.

நீரிழிவாளருள் ஒரு பகுதியினருக்கு வைத்தியர் இன்சுலின் என்னும் மருந்தை ஊசி வழியாக ஏற்றும்படி விதிக்கின்றார். சிறு கண்ணாடிப் புட்டியொன்றைக் கையிலே கொடுக்கும்போது சில கட்டளைகளும் கூடவே வருகின்றன. வெயிலில் வைக்காதீர், உறையவும் விடாதீர். குலுக்காதீர். இன்ன மருந்தாயின் உணவுக்கு அரைமணி நேரம் முன்னதாகவே ஏற்றுக. நோயாளர் இவற்றைக் கேட்டுத் தலையசைக்கின்றனர். ஆயினும் காரணம் விளங்காத கட்டளை நெடுநாள் மனத்தில் நிற்பதில்லை. நாளடைவில் புட்டி அடுப்பங்கரைத் தட்டுக்குப் போகிறது. அரைமணி ஐந்து நிமிடமாய்ச் சுருங்குகிறது.

வெவ்வேறாய்த் தோன்றும் இக்கட்டளைகளுக்கெல்லாம் வேர் ஒன்றே. இன்சுலின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கூடும் இயல்புடையவை. கூடிய நிலையில் அவை பாதுகாப்பாய்க் கிடக்கின்றன. பிரிந்த நிலையிலேயே உழைக்கின்றன. முறை தவறிக் கூடினால் அழிகின்றன. இந்த உண்மையை அறிவதற்கு அறிஞர் உலகத்துக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அவ்வறிவின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் மலையாள நாட்டுக்கும் பங்குண்டு.

முதலில் இன்சுலின் யாது என்பதைப் பார்ப்போம். இரைப்பையின் பின்னே சதையி என்னும் உறுப்பொன்று இருக்கின்றது. கணையம் என்பதும் அதுவே. அதனுள்ளே கடலில் தீவுகள் போல ஆங்காங்கே சிறு உயிரணுத் திட்டுகள் கிடப்பதை, 1869ஆம் ஆண்டில் ஜேர்மனிய மாணவரான போல் லாங்கர்ஹான்ஸ் கண்டார். அத்திட்டுகளில் ஊறி இரத்தத்தில் கலக்கும் ஓமோனே இன்சுலின். சோறுண்டபின் இரத்தத்தில் சீனி ஏறும்போது, அச்சீனியைத் தசைகளும் கொழுப்பிழையங்களும் ஏற்றுக்கொள்ளுமாறும், ஈரல் அதனைச் சேமிக்குமாறும் ஆணையிடுவது அதுவே. அவ்வாணை இல்லாதபோது இரத்தத்தில் சீனி நிறைந்திருந்தும் உடல் பட்டினி கிடக்கின்றது.

1921ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரிலே பிரெடெரிக் பான்டிங்கும் சார்ல்ஸ் பெஸ்டும் சதையியிலிருந்து இச்சாற்றைப் பிரித்தெடுத்தனர். மக்லியொட் அவர்களின் ஆய்வுகூடத்தில் நிகழ்ந்த அம்முயற்சியில், சாற்றைத் தூய்மை செய்யும் பணியை ஜேம்ஸ் கொலிப் நிறைவேற்றினார். 1922 ஜனவரியில் சாவின் வாயிலில் கிடந்த லெனார்ட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது ஏற்றப்பட்டது. முதல் ஊசி பெரும்பயன் தரவில்லை. தூய்மை செய்யப்பட்ட சாறு சில நாட்களின் பின் ஏற்றப்பட்டபோது அவன் தேறினான். மறு ஆண்டே நோபெல் பரிசு பான்டிங்குக்கும் மக்லியொட்டுக்கும் வழங்கப்பட்டது.

மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் அது எத்தகைய பொருள் என்பது எவருக்கும் தெரியாது. புரதம் என்பது மட்டுமே படிப்படியாய் விளங்கியது. புரதங்கள் யாவும் அமினோ அமிலம் எனப்படும் சிறு மணிகள் கோக்கப்பட்ட சங்கிலிகள். மணி வகைகள் 20 அளவில்தான் உள. எழுத்துகள் சிலவே ஆயினும் அவற்றை வரிசை மாற்றி அமைப்பதனால் சொற்கள் எண்ணிறந்தன ஆவது போல, இம்மணிகளின் வரிசை மாறுவதனால் தசையும் தோலும் மயிரும் ஓமோனும் வெவ்வேறு பொருள்களாகின்றன.

அவ்வரிசையை முதன்முதல் முழுமையாய் வாசித்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெடெரிக் சாங்கர். இன்சுலினைச் சிறு துண்டுகளாய் உடைத்து, ஒவ்வொரு துண்டின் மணிகளையும் இனங்கண்டு, கிழிந்த கடிதத்தைச் சேர்த்துப் படிப்பவர் போல அவர் பத்தாண்டுக்கு மேல் உழைத்தார். 1955இல் பணி முடிந்தது. இன்சுலினில் இரண்டு சங்கிலிகள் உள்ளன. ஒன்றில் 21 மணிகள், மற்றதில் 30 மணிகள், ஆக 51. இரு சங்கிலிகளையும் இரண்டு கந்தகப் பாலங்கள் இணைக்கின்றன. மூன்றாவது பாலம் சிறிய சங்கிலிக்குள்ளேயே அமைந்திருக்கின்றது. உலகில் மணிவரிசை முழுமையாய் அறியப்பட்ட முதற் புரதம் இதுவே. 1958இல் சாங்கர் நோபெல் பரிசு பெற்றார்.

வரிசை தெரிந்ததும் மற்றொரு செய்தியும் தெளிவாயிற்று. பன்றியின் இன்சுலின் மனிதனுடையதிலிருந்து ஒரே ஒரு மணியில் வேறுபடுகின்றது. மாட்டின் இன்சுலின் மூன்று மணிகளில் வேறுபடுகின்றது. ஆகையால்தான் பல்லாண்டுக் காலம் இவ்விரு விலங்குகளின் சதையியிலிருந்து எடுத்த மருந்து மனிதரைக் காத்துவந்தது. ஆனால் பன்றியை விலக்கும் மக்களும் பசுவைப் போற்றும் மக்களும் அருகருகே வாழும் நாடுகளில், மருந்தின் பிறப்பிடம் பற்றிய தயக்கம் எழுவது இயல்பு. உயிர் காக்கும் தேவையின்பொருட்டு அதனை ஏற்றோர் பலர். மனம் கலங்கியோரும் உண்டு. 1978இல் மனித இன்சுலினை ஆக்கும் மரபுக் குறிப்பைப் பற்றீரியாவுக்குள் செலுத்தி, அதனைக் கொண்டே மனித இன்சுலினை ஆக்கும் வழி அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. 1982இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. இன்று பெரும்பாலும் வழங்குவது பற்றீரியாவோ நொதியமோ ஆக்கித் தரும் இன்சுலினே. எந்தச் சமயத்தவரும் தயக்கமின்றி ஏற்கும் மருந்து இவ்வாறு வாய்த்தது.

மணிகளின் வரிசை தெரிந்தால் மட்டும் போதுமா? நூலின் நீளம் தெரிந்தவனுக்கு முடிச்சின் வடிவம் தெரிந்துவிடாது. சங்கிலி எங்கே சுருள்கின்றது, எங்கே மடங்குகின்றது, எப்பக்கம் வெளியே தோன்றுகின்றது என்பவை தெரிந்தாலன்றி அது உழைக்கும் விதம் விளங்காது.

இவ்விடத்தில் சென்னை நகரம் வரலாற்றில் புகுகின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் கோ. நா. இராமச்சந்திரன், தோலுக்கும் எலும்புக்கும் வலிமை தரும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று புரிகளால் முறுக்கப்பட்ட கயிறு போன்றது என்பதை, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார். அடுத்து அவர் அடிப்படையான வினாவொன்றை எழுப்பினார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு மணியும் தன் இருபக்க இணைப்புகளைச் சுற்றித் திரும்பக் கூடியது. ஆயினும் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் எவ்வெக் கோணங்களில் திரும்ப இயலும்? இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் இதனைக் கணக்கிட்டு, 1963இல் ஒரு படமாக வெளியிட்டார். எண்ணற்ற கோணங்களுள் சிறு பகுதியே அணுக்களுக்கு அனுமதிக்கப்பட்டது என்பதை அப்படம் காட்டியது. இராமச்சந்திரன் வரைபடம் எனப் பெயர் பெற்ற அது, உலகில் எந்த ஆய்வுகூடத்தில் புதிய புரத வடிவம் காணப்பட்டாலும், அது சரியோ பிழையோ என்று உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லாய் இன்றும் நிற்கின்றது.

கிளைசீன் என்பது மணிகளுள் மிகச் சிறியது, பக்கக்கிளை அற்றது. ஆகவே மற்ற மணிகள் திரும்ப இயலாத கோணங்களிலும் அது திரும்பும் என்று இராமச்சந்திரன் கணக்குக் கூறியது. இன்சுலினின் பெரிய சங்கிலியைப் பாருங்கள். 8ஆம் இடத்திலும் 20ஆம் இடத்திலும் 23ஆம் இடத்திலும் கிளைசீன் உள்ளது. அச்சங்கிலி வளைந்து திரும்பும் இடங்களும் அவையே. பாதையின் திருப்பத்தில் பெருவண்டி நில்லாமல் சிறுவண்டி நின்று வழிவிடுவது போன்ற ஏற்பாடு இது.

இன்சுலினின் முழு வடிவத்தையும் காணும் பெரும்பணி ஒக்ஸ்போர்டில் நடந்தது. அமெரிக்க அறிஞர் ஜோன் ஏபெல் 1926இல் இன்சுலினைப் பளிங்காக்கினார். பளிங்கு உருவாவதற்கு நாகம் வேண்டும் என்பதைக் கனடாவைச் சேர்ந்த ஸ்கொட் 1934இல் காட்டினார். துத்தநாகம் என்று தமிழ்நாட்டார் கூறும் உலோகமே அது. அதே ஆண்டில் டொரத்தி குரோபுட் என்னும் 24 வயது இளம்பெண், இன்சுலின் பளிங்கொன்றின் மீது எக்ஸ்கதிரைச் செலுத்திப் படமெடுத்தார். கரிய தட்டிலே ஒழுங்குற அமைந்த புள்ளிகள் தோன்றின. அவ்விரவு அவர் மகிழ்ச்சி மிகுதியால் ஒக்ஸ்போர்ட் வீதிகளில் தனியே நடந்து திரிந்தார் என்பர். புள்ளிகள் தோன்றின என்றால் உள்ளே ஒழுங்கு உண்டு. ஒழுங்கு உண்டென்றால் ஒருநாள் அதனைக் காணலாம் அன்றோ!

அந்த ஒருநாள் வருவதற்கு 35 ஆண்டுகள் சென்றன. மனித இன்சுலின் மூலக்கூறொன்றில் 788 அணுக்கள் உள்ளன; பிற விலங்குகளின் இன்சுலினும் அவ்வளவினதே. புள்ளிகளின் ஒளியளவிலிருந்து ஒவ்வோர் அணுவின் இடத்தையும் கணிப்பதற்கு அக்காலத்தில் போதிய கணக்கிடும் பொறிகள் இல்லை, முறைகளும் முதிரவில்லை. திருமணத்தின் பின் டொரத்தி ஹொட்ஜ்கின் எனப் பெயர் கொண்ட அவ்வம்மையார், இடைக்காலத்தில் பெனிசிலினின் வடிவத்தையும் பீ-12 உயிர்ச்சத்தின் வடிவத்தையும் கண்டு 1964இல் நோபெல் பரிசு பெற்றார். இளமையிலேயே மூட்டுவாதம் அவர் கைவிரல்களைக் கோணச் செய்தது. ஆயினும் இன்சுலினை அவர் கைவிடவில்லை.

1969இல் வெற்றி கிட்டியது. அவ்வாண்டு வெளியான ஆய்வுரையில் பத்துப் பேர் கையொப்பமிட்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியிற் பிறந்து, பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பயின்று ஒக்ஸ்போர்டு சென்ற மாமண்ணமனை விஜயன் ஆவார். பின்னர் அவர் பெங்களூருக்கு மீண்டு, புரதப் பளிங்குகளை ஆராயும் துறையை இந்தியாவில் வேரூன்றச் செய்து, 2022இல் மறைந்தார். பீக்கிங் நகரின் சீன அறிஞரும் தனியே முயன்று, 1971இல் அதே வடிவத்தை மேலும் தெளிவாய்க் கண்டனர். இரு நாடுகளில் இரு குழுவினர் கண்டவை ஒத்திருந்தமை, அவ்வடிவம் மெய்யானது என்பதற்குச் சான்றாயிற்று.

அவர்கள் கண்டது யாது? சிறிய சங்கிலியில் இரண்டு குட்டைச் சுருள்கள்; பெரிய சங்கிலியின் நடுவே ஒரு நீண்ட சுருள்; அதன் முடிவில் சங்கிலி திரும்பி, வால் போல நீண்டு கிடக்கின்றது. எண்ணெய் தன்மையான மணிகள் உள்ளே ஒதுங்க, நீரை விரும்பும் மணிகள் பெரும்பாலும் வெளியே நிற்கின்றன. ஆயினும் வெளிப்புறத்திலும் நீரை வெறுக்கும் இரண்டு திட்டுகள் எஞ்சியிருக்கின்றன. அவையே இன்சுலின் கூடுவதற்குக் காரணம்.

கூடும் ஒழுங்கு இத்தகையது. முதலில் இரண்டு மூலக்கூறுகள் எதிரெதிராய் நெருங்குகின்றன. ஒன்றின் வால் மற்றதன் வாலோடு தலைமாறிப் படிந்து, நெசவில் அடுத்தடுத்த இழைகள் போல ஒட்டிக்கொள்கின்றது. 24, 25, 26 ஆகிய இடங்களில் உள்ள மணிகள் இவ்விணைப்பில் முதன்மையானவை. இவ்வாறு அமைந்த இரட்டைகள் மூன்று சேர்ந்து, ஆறு மூலக்கூறு கொண்ட வட்டமொன்று உருவாகின்றது. வட்டத்தின் நடுவச்சில், மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு நாக அணுக்கள் அமர்கின்றன. ஒவ்வொரு நாக அணுவையும் மும்மூன்று மூலக்கூறுகள், பெரிய சங்கிலியின் 10ஆம் இடத்திலுள்ள ஹிஸ்ரிடீன் என்னும் மணியால் பற்றிக்கொள்கின்றன. வண்டிச் சக்கரத்தின் குடத்தில் ஆரக்கால்கள் பொருந்துவது போல அறுவரும் நாகத்தைச் சுற்றிப் பொருந்துகின்றனர்.

ஏன் இவ்வளவு ஏற்பாடு? மட்டக்களப்பு, அம்பாறை வயல்களில் அறுவடை காண்போர்க்கு இது எளிதில் விளங்கும். அறுத்த கதிரை உப்பட்டியாய்க் கட்டி, உப்பட்டிகளைக் களவெட்டிக்குக் கொண்டுவந்து, கதிர் உள்ளே இருக்கும்படி சூடாய் அடுக்கிவைப்பர். சூட்டுக்குள் இருக்கும் நெல்லை மழை எளிதில் கெடுக்காது. ஆனால் சூடாய் இருக்கும்வரை அந்நெல் சோறாகாது. அடித்துப் பிரித்தால்தான் உணவு. இன்சுலினின் கதையும் அதுவே. சதையியின் உயிரணுக்கள் நாகம் நிறைந்த நுண்பைகளுக்குள் இன்சுலினை ஆறாறாய் அடுக்கிப் பளிங்காக்கிச் சேமிக்கின்றன. சிறு இடத்தில் பெருஞ்சேமிப்பு, அழிவிலிருந்து காப்பு. இரத்தத்தில் சீனி ஏறியதும் நுண்பை திறக்கின்றது. சற்றுப் புளிப்பான சூழலிலிருந்து இரத்தத்தின் மென்காரச் சூழலுக்கு வந்த பளிங்கு கரைகின்றது. நாகம் நீர்த்துப் போகின்றது. ஆறு மூன்று இரட்டைகளாகி, இரட்டை ஒற்றையாகின்றது. அந்த ஒற்றை மூலக்கூறே தசையின் வாயிலைத் தட்டும் தூதன்.

ஒற்றையாவது ஏன் இன்றியமையாதது என்பதும் இப்போது தெரியும். உயிரணுவின் மேற்பரப்பில் இன்சுலினை ஏற்கும் வாங்கி ஒன்று உண்டு. அதனோடு இன்சுலின் பொருந்தும் காட்சியை மெல்பேண் நகர ஆய்வாளர் தலைமையிலான குழுவினர் 2013இல் கண்டனர். பொருந்தும் வேளையில் பெரிய சங்கிலியின் வால் உடலிலிருந்து விலகித் திறக்கின்றது. இரட்டையாய் இருக்கும்போது தோழனைப் பற்றியிருப்பது எந்த வாலோ, அதே வால்தான் வாங்கிக்குள் திறந்து நுழைய வேண்டியது. தோழனைப் பற்றிய கையால் கதவைத் தட்ட இயலாது. ஆகவே கூட்டைக் கலைத்த பின்னரே பணி.

இனி, ஊசியின் நேரம் பற்றிய கட்டளை தானே விளங்கும். புட்டியிலுள்ள வழக்கமான மனித இன்சுலினும் நாகத்தைச் சுற்றி ஆறாறாய்க் கூடியே இருக்கின்றது. தோலின் கீழ் ஏற்றியதும் அது உடனே இரத்தத்துள் புக இயலாது. நீர்த்து, கலைந்து, சிறு துணுக்கானாலன்றி நுண்குழாய்ச் சுவரைக் கடவாது. இக்காலத்தாழ்வைக் கருதியே உணவுக்கு ஏறக்குறைய அரைமணி முன்னர் ஏற்றுக என்கின்றனர். உண்டு முடித்து ஏற்றினால் சீனி முன்னேறிச் செல்ல, இன்சுலின் பின்னே ஓடுகின்றது. பின்னர்ச் சீனி இறங்கிய வேளையில் இன்சுலின் மிகுந்து மயக்கம் நேரவும் கூடும்.

கூடும் இயல்பை வேண்டியவாறு மாற்றலாம் என்பதே இவ்வறிவின் பெரும்பயன். மெதுவாய்க் கலைய வேண்டுமாயின் கூட்டை இறுக்கலாம். டென்மார்க்கின் ஹகெடோர்ன் மீன்விந்திலிருந்து கிடைக்கும் புரோட்டமீன் என்னும் புரதத்தை இன்சுலினோடு சேர்த்து 1936இல் இவ்வழியைத் தொடங்கினார். அதன்வழி வந்ததே இன்று பலர் ஏற்றும் பால் போன்ற கலங்கல் இன்சுலின். விரைவாய்க் கலைய வேண்டுமாயின் கூட்டைத் தளர்த்தலாம். வாலிலே 28ஆம் இடத்து மணியையும் 29ஆம் இடத்து மணியையும் இடம் மாற்றி வைத்தனர். இரட்டைப் பிடி தளர்ந்தது. 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லிஸ்புரோ இன்சுலின் அது. 28ஆம் இடத்தில் வேறொரு மணியை அமைத்தது அஸ்பார்ட் இன்சுலின். இவை புட்டியில் கூடியிருந்தாலும் தோலின் கீழ் விரைந்து கலைவதால் உணவு வேளையை ஒட்டியே ஏற்றத்தக்கவை. 51 மணிகளுள் ஒன்றிரண்டின் மாற்றம் அரைமணிக் காத்திருப்பை நீக்கியது!

இதனால் பெறப்படும் பாடம் ஒன்றுண்டு. எல்லா இன்சுலினும் ஒன்றல்ல. அயலவர் வைத்திருக்கும் புட்டியின் வழக்கத்தைத் தம் புட்டிக்குக் கொள்வது தவறு. நோன்பு நோற்கும் ரமழான் மாதத்திலும், கந்தசஷ்டி போன்ற விரத நாட்களிலும் உணவு வேளை மாறுவதால் இன்சுலினின் வகையும் அளவும் நேரமும் மாறவேண்டியிருக்கும். சிலர் நோன்பைத் தவிர்க்கவேண்டியும் நேரலாம். அவற்றை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். தாமாக நிறுத்துவதும் குறைப்பதும் உயிருக்கு ஊறு.

எஞ்சியது வெயிலும் குலுக்கலும். ஒழுங்காகக் கூடுவது காப்பு என்று கண்டோம். ஒழுங்கின்றிக் கூடுவதும் உண்டு. வெப்பத்தாலோ, ஓயாத குலுக்கலாலோ ஒற்றை மூலக்கூறொன்று தன் மடிப்பு அவிழ்ந்து நிற்குமாயின், உள்ளே மறைந்திருந்த எண்ணெய்த் தன்மையான பகுதிகள் வெளிப்படுகின்றன. அத்தகைய பல மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டி நீண்ட நாராகின்றன. ஒரு நார் தோன்றிவிட்டால் அதன் நுனியில் மற்றவையும் வந்து ஒட்டுகின்றன. ஆறாய்க் கூடிய வட்டம் மீண்டும் பிரியும். நாராய்த் திரண்டது எளிதில் பிரியாது. அது மருந்தன்று. புட்டியில் நாகம் சேர்த்து ஆறாறாய் வைத்திருப்பதன் நோக்கங்களுள் ஒன்று, ஒற்றைகளைக் குறைத்து இந்த நார்க்கேட்டைத் தடுப்பதேயாகும். நல்ல கூட்டம் தீய கூட்டத்துக்குக் காவல். உறையவிடுவதும் கேடே, பனிக்கட்டியாய் இறுகும்போது மருந்தின் அமைப்புக் குலைந்துவிடுகின்றது. உறைந்து உருகிய புட்டி தெளிவாய்த் தோன்றினும் அதனை ஏற்றலாகாது.

ஆகவே தெளிவாய் இருக்கவேண்டிய இன்சுலினில் கலங்கலோ, மிதக்கும் துகளோ, நூலோ தோன்றினால் அதனை விலக்குக. இயல்பிலேயே பால் போன்ற இன்சுலினாயின், குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கலக்குக. உருட்டிய பின்னும் கட்டிகள் எஞ்சினாலோ புட்டிச் சுவரில் படிந்து நின்றாலோ விலக்குக. தெளிவாய்த் தோன்றுவது மட்டும் நன்மைக்கு உறுதியாகாது என்பதையும் மறவற்க. வெப்பத்தால் வலு குன்றிய மருந்து கண்ணுக்குத் தெளிவாகவும் தோன்றலாம். ஊசி தவறாமல் ஏற்றியும் சீனி இறங்காவிடில், புட்டி கெட்டதோ என்ற ஐயம் எழவேண்டும்.

திறவாத புட்டிக்கு ஏற்றது 2 முதல் 8 பாகை வரையான குளிர். திறந்த புட்டியைக் கடும் வெப்பம் படாத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் பயன்படுத்தலாம். சரியான வரம்பு புட்டியோடு வரும் தாளில் உண்டு. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டார் என்செய்வது? ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டு அகதி முகாமொன்றில் எல்லைகளற்ற வைத்தியர்கள் என்னும் அமைப்பினர் வெப்பத்தை அளந்தனர். அதே ஏற்ற இறக்கத்தை, அதாவது 25 முதல் 37 பாகை வரை, ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அமைத்து, பலவகை இன்சுலின்களை நான்கு வாரம் வைத்துச் சோதித்தனர். அவற்றின் வலு குளிரில் வைத்தவற்றின் வலுவோடு ஒத்திருந்தது. 2021இல் வெளியான இம்முடிவு ஏழை நாடுகளுக்கு ஆறுதல் தருவது. ஆயினும் அது 37 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்துக்கும், வெயிலில் நிற்கும் வாகனத்துக்கும், ஓடு சுடும் கூரைத் தட்டுக்கும் உரிய அனுமதி அன்று.

ஈர மண்பானை இங்கே கைகொடுக்கும். இரு பானைகளுக்கிடையே ஈரமணல் இட்டு, உட்பானையில் நீர் புகாத உறைக்குள் புட்டியை வைத்து, ஈரத்துணியால் மூடினால், நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி பிறக்கும். காற்று உலர்ந்திருந்தால் குளிர்ச்சி மிகும், ஈரமாயிருந்தால் குறையும். வெப்பம் மிகுந்த கச்சான் காற்றுக் காலத்தில் காற்று உலர்ந்து வீசுவதால், தேவை மிகும் வேளையிலேயே பானையும் நன்கு பயன்படும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது வீடும் வீட்டிலிருந்த பொருளும் ஒருங்கே அழிந்தன. நாள்தோறும் இன்சுலின் ஏற்றுவோர்க்கு அத்தகைய இடர்க்காலத்தில் மருந்து தவறுவது மற்றோர் ஆபத்து. வெள்ளமும் புயலும் வரக்கூடிய கரையில், எடுத்துச்செல்லும் பையில் மருந்துக் குறிப்புக்கும் ஊசிக்கும் குளிர்காக்கும் உறைக்கும் இடம் ஒதுக்கிவைப்பது அறிவுடைமை.

ரொறன்ரோவில் பிரித்தெடுத்தனர், கேம்பிரிட்ஜில் வரிசையை வாசித்தனர், சென்னையில் மடிப்பின் விதியைக் கணக்கிட்டனர், ஒக்ஸ்போர்டிலும் பீக்கிங்கிலும் வடிவத்தைக் கண்டனர். எந்நாட்டவர் கண்ட அறிவாயினும் அதன் பயன் இன்று கிழக்குக் கரைச் சிற்றூரின் சிறு புட்டியில் நிறைந்திருக்கின்றது. அதனைக் கெடாது காப்பது ஏற்றுவோர் கையில் உள்ளது. அரைமணி நேரம் என்பது ஆறு ஒன்றாகப் பிரியும் நேரம். நிழல் என்பது நார் திரளாமல் காக்கும் காவல். காரணம் அறிந்து கைக்கொள்ளும் ஒழுக்கமே நெடுநாள் நிலைக்கும். நெடுநாள் நிலைக்கும் ஒழுக்கமே நீரிழிவாளரின் ஆயுளை நீட்டும்.